மூன்றாம் பாகம் மெதுவாக ஓடியது ஏன்

முதலில் என் எழுத்துக்காக மன்னியுங்கள். கோட்டில் நிற்காது, ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டு போகும். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பதும் எனக்கு இன்றுவரை நிச்சயமில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தவன் என்று உங்களுக்குத் தெரியும். உங்களில் மூன்று பேர் என்னோடு அதே வாங்கில் இருந்தவர்கள். மகள் திருத்தித் தருகிறேன் என்றாள். வேண்டாம், எழுதியபடியே படம் எடுத்து அனுப்பு என்று சொல்லியிருக்கிறேன்.

எங்கள் குழுவில் மூன்று கிழமையாக ஒரே கதை. மார்கழியில் வெளிநாட்டில் இருப்பவர்கள் வரும்போது வாசிகசாலையில் எங்கள் பழைய வீடியோ கேமில், அந்தச் சண்டை விளையாட்டில், போட்டி வைப்பது என்று முடிவாகிவிட்டது. எந்தப் பாகத்தில் வைப்பது என்பதுதான் இழுபடுகிறது. மச்சான் மூன்று என்கிறான். கனடாவில் இருப்பவர் இரண்டு என்கிறார். ஜேர்மனியில் இருப்பவர் கடைசியாக வந்த எட்டை வாங்கிவிட்டாராம், மெசினையும் கொண்டு வருவாராம். நான் மூன்று பேருக்கும் கட்டைவிரல் படம் போட்டேன். அதற்கு மச்சான் குரல் பதிவில் ஏசினான்.

“டேய், எல்லாருக்கும் விரலைக் காட்டுறாய். ஒரு பக்கம் நில்லடா.”

ஒரு பக்கம் நிற்கத்தான் இதை எழுதுகிறேன். வாயால் சொல்லச் சொன்னால் எனக்கு வராது. நான் எந்தப் பாகத்தின் பக்கம் என்று சொல்வதற்கு, பளைப் பெடியள் வந்த அன்று நான் சொன்ன ஒரு வார்த்தையைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும்.

சண்டை நின்று வவுனியாப் பாதை திறந்ததற்கு அடுத்த வருடம் அது. எனக்குப் பதினாலு வயது. இடம்பெயர்ந்து திரும்பி வந்து, வயலில் முதல் போகம் வெட்டி முடித்திருந்தோம். வாய்க்கால் தெருவில் பழைய பசளைக் களஞ்சியத்தை எடுத்து நானா கேம் கடை போட்டார்; முஸ்லிம் அண்ணன்மாரை நானா என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய ஆட்கள் தண்ணீரூற்றுப் பக்கம். முஸ்லிம் ஆட்களை வெளியேறச் சொன்ன தொண்ணூறில் அங்கிருந்து போய் வவுனியாவில் இருந்தவர்கள். பாதை திறந்ததும் எங்கள் பக்கம் வந்து கடை போட்ட முதல் முஸ்லிம் ஆள் அவர்தான். அவருடைய தம்பி கிழமைக்கு இரண்டு முறை வவுனியாவிலிருந்து கானில் பெற்றோல் கொண்டு வருவார். இருவரும் ஒரே மாதிரிச் சட்டை போடுவார்கள், ஒரே துணியில் தைத்தது.

கடைக்குள் போனால் யூரியா மணமும் சூடேறிய வயர் மணமும் சேர்ந்து மூக்கில் ஏறும். ஒரு தொலைக்காட்சிப் பெட்டி, ஒரு சாம்பல் நிற மெசின். அந்த மெசினைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தால்தான் கேம் சீடித் தட்டை வாசிக்கும். ஜெனரேற்றரைப் பின்பக்கத்துப் பழைய பங்கருக்குள் இறக்கி வைத்திருந்தார். செல் குண்டுக்குப் பயந்து வெட்டின பதுங்குகுழி, அப்போது சத்தத்தை அடக்க உதவியது.

வாசலில் கழற்றி வைத்த செருப்பின் வரிசைதான் விளையாடும் வரிசை. தோற்றவன் எழும்பிப்போய்த் தன் செருப்பைக் கடைசியில் வைக்க வேண்டும். எனக்குச் செருப்பு இல்லை. நான் ஒரு பழைய ஸ்பார்க் பிளக்கை வைப்பேன். அது என்னுடையது என்று எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் தள்ளிவிட மாட்டார்கள். அப்பாவோடு வயல் வயலாகப் போய்த் தண்ணீர் மோட்டர் திருத்துகிறவன் நான். மனிதரோடு கதைக்க வெட்கம், மோட்டரோடு வெட்கம் இல்லை.

ஒன்றாம் பாகத்துக்காக இன்று ஒருவரும் வாதாட மாட்டீர்கள். அதில் துள்ளினால் பட்டம் மாதிரி மேலே போய் நின்றுவிட்டுத்தான் இறங்குவார்கள். மேலேயிருந்து உதைத்துக்கொண்டே இருந்தால் வெல்லலாம். நாலு நாளில் அலுத்துப்போனது.

இரண்டாம் பாகம் நல்ல வேகம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதில் தாடிக்காரன் இருந்தானே. அவனுடைய கீழ் உதையைக் கண்டு குனிவதற்குள் அது காலில் பட்டுவிடும். விழுந்தவன் எழும்புவதற்குள் அடுத்தது. தாடிக்காரனை எடுத்தவன் வென்றான், ஆகவே எல்லோரும் தாடிக்காரனை எடுத்தோம். இரண்டு தாடிக்காரர் ஆளையாள் காலில் உதைத்துக்கொண்டு நிற்பதைப் பார்க்க எவ்வளவு நேரம் வரிசையில் நிற்பது? பிறகு கூட்டம் போட்டு அவனைத் தடை செய்தோம். தடை செய்ததும் சிவப்புப் பாவாடைக்காரி கிளம்பினாள். அவளையும் தடை செய்தால் இன்னொருத்தன். கடைசியில் விளையாடிய நேரத்தைவிடக் கூட்டம் போட்ட நேரம் கூட. கனடாக்காரர் இதை மறந்துவிட்டுக் கதைக்கிறார். அவர்தான் அந்தக் கூட்டங்களுக்குத் தலைவர்.

மூன்றாம் பாகத்தில்தான் எல்லோராலும் பக்கவாட்டில் விலக முடிந்தது. குத்து வரும் நேரம் ஓர் அடி விலகினால் அது காற்றில் போய்விடும், குத்தியவனின் விலா திறந்து கிடக்கும். முந்தி அடிக்கிறவன்தான் வெல்லுவான் என்ற நிலை அதோடு போனது. பொறுத்து நிற்கிறவனுக்கும் ஒரு வழி வந்தது. நான் கிழவனை எடுப்பேன். அவனை வேறு ஒருவரும் தொடுவதில்லை.

“இவன் ஒருநாளும் தானா அடிக்கமாட்டான்,” என்பான் மச்சான். “வந்தவன் தடக்கி விழுமட்டும் பாத்துக்கொண்டு நிப்பான்.”

“வயல் காவல் பாத்த பழக்கம்,” என்பார் நானா. “பண்டி வருமட்டும் அசையான்.”

நான் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பேன். எட்டுப் பத்துப் பேர் அடுத்தடுத்து வந்து என் கிழவனிடம் விழுவார்கள். அந்தக் கோடையில் அந்தக் கதிரையில் இருந்தபோது மட்டும், நான் பேசாமல் இருப்பது ஒரு குறையாகத் தெரியவில்லை.

பளையிலும் ஒரு கேம் கடை இருந்தது. அங்கேயிருந்து ஒருநாள் ஐந்து பேர் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். மூன்று ஆட்டம் என்று பேச்சு. முதலாவது அவர்கள் கேட்ட இரண்டாம் பாகத்தில். அவர்கள் வென்றார்கள். இரண்டாவது நாங்கள் கேட்ட மூன்றாம் பாகத்தில். மச்சான் வென்றான். கடைசிக்குப் பூவா தலையா போட்டதில் மூன்றாம் பாகம் விழுந்தது. அவர்களில் கெட்டிக்காரன் ஒரு நெட்டையன். எங்கள் பக்கம் நான்.

நெட்டையன் என்னைவிட நன்றாக விளையாடுகிறவன். அது எனக்கு முதல் நிமிடத்திலேயே விளங்கியது. ஆனால் அவனுடைய அடி எல்லாம் ஒரு கணம் முந்தி விழுந்தது. நான் விலகுவதற்கு முன்னமே அவன் அடித்து முடித்திருந்தான், அந்த வெறுமைக்குள் என் கிழவன் தடியை நீட்டினான். மூன்று சுற்றில் முடிந்தது. எங்கள் ஆட்கள் என்னைத் தூக்கப் பார்த்தார்கள், நான் கதிரையைப் பிடித்துக்கொண்டேன்.

நெட்டையன் கைப்பிடியை மெதுவாகக் கீழே வைத்தான். “இது விளையாட்டில்லை. குளத்துக்குள்ள நடக்கிற மாதிரிக் கிடக்கு. எங்கட பளையில மூண்டு பறக்கும்.”

“பளையில காத்துக் கூடத்தானே,” என்றான் மச்சான்.

“கலர் வராது, ஆனா பறக்கும்.”

“கலர் இல்லாத பெட்டியில விளையாடுறவை எங்களுக்குப் பாடம் எடுக்க வந்திட்டினம்.”

“சிரியுங்கோ. இஞ்ச வந்து பாருங்கோ, மேலயும் கீழயும் ரெண்டு விரலுக்குக் கறுப்புப் பட்டி. கரண்ட் காணாமப் படம் சுருங்கிக் கிடக்கு. ஜெனரேற்றரில என்னவோ செய்து வச்சிருக்கிறியள்.”

படம் சுருங்குவது உண்மைதான். அந்தப் பட்டி எப்போதும் இருந்தது. அதை அதுவரை ஒருவரும் கணக்கில் எடுக்கவில்லை. எல்லோரும் பெட்டிக்குக் கிட்டப் போய்ப் பார்த்தார்கள். பிறகு மச்சான் என்னைப் பார்த்தான். “நீ போய்ப் பாத்துச் சொல்லடா. மோட்டரில உன்ர சொல்லுத்தானே கடைசி.”

நான் பின்பக்கம் போய்ப் பங்கருக்குள் இறங்கினேன். ஒரு விசயம் நீங்கள் நினைவில் வைக்க வேண்டும். யுத்தத் தடையால் பெற்றோலைக் கண்ணால் காணாத காலத்தில் வளர்ந்தவர்கள் நாங்கள். இரண்டு சொட்டுப் பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்டார்ட் பண்ணி, மண்ணெண்ணெயில் மோட்டர் சைக்கிள் ஓட்டினவர்கள். எந்த இஞ்சின் இளைத்தாலும் எங்களுக்கு முதலில் வரும் சந்தேகம் மண்ணெண்ணெய்தான். ஜெனரேற்றரின் சத்தம் கொஞ்சம் இறங்கி ஏறியது. குனிந்து மூக்கை வைத்து மணந்தேன். மண்ணெண்ணெய் மணந்தது.

மேலே ஏறி வந்தபோது பதினைந்து பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சொல்லாமல் விட்டால் வெற்றி எங்களுடையது.

“கலந்து கிடக்கு,” என்றேன். “பெற்றோலுக்குள்ள மண்ணெண்ணெய். அதுதான் மெதுவா ஓடுது.”

“டேய் விசரா,” என்றான் மச்சான். “வெண்டது நீயடா.”

நானா எழும்பி நின்றார். “அல்லாவறிய நான் ஒரு சொட்டும் கலக்கேல்ல, தம்பி.” அவருடைய தம்பி சற்று முன்புதான் வவுனியாவிலிருந்து வந்து, வாசலில் கானோடு நின்றார். நானா அவரைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையைக் கண்டவன் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். அதற்கு என்ன அர்த்தம் என்று அன்று விளங்கவில்லை.

ஆட்டம் செல்லாது என்று ஆனது. பளைப் பெடியள் தோற்காமல் பஸ் ஏறினார்கள். பின்னேரம் அப்பா கேள்விப்பட்டு வந்து தானும் பங்கருக்குள் இறங்கி மணந்து பார்த்தார். “பெடியன் சொன்னது சரிதான்,” என்று சனத்துக்கு நடுவில் சொல்லி என் தோளில் கையை வைத்தார். அப்பா அப்படிக் கை வைக்கிற ஆள் இல்லை. வீடு வரும்வரை அந்த இடம் பாரமாக இருந்தது.

அதன்பிறகு வாசலில் செருப்புக் குறைந்தது. களவு ஜெனரேற்றர் என்று சின்னப் பிள்ளைகளும் சொல்லத் தொடங்கினார்கள். இரண்டு கிழமையில் நானா கடையை மூடிக்கொண்டு போனார். பிடிபட்டதும் ஓடிவிட்டார் என்றே பேசினோம். பிறகு திரும்பவும் சண்டை வந்து நடந்தவற்றில் ஒரு கேம் கடையை நினைக்க யாருக்கு நேரம் இருந்தது? ஆனாலும் நான் நினைப்பேன். பதினைந்து பேருக்கு நடுவில், எனக்கே நட்டமாக, உண்மையைச் சொன்ன நாள் என்று. என் வாழ்க்கையில் அப்படி நான் வாய் திறந்தது அந்த ஒரு முறைதான். முகாமில் தண்ணீருக்கு வரிசையில் நிற்கும்போதும் அதை எடுத்துப் பார்த்துக்கொள்வேன்.

போன கிழமை உங்கள் வாக்குவாதத்தைக் கேட்டுவிட்டு மகள் ரெலிபோனில் ஒரு வீடியோ எடுத்துத் தந்தாள். ஒரு வெள்ளைக்காரப் பெடியன் ஒன்றிலிருந்து எட்டு வரைக்கும் எல்லாப் பாகத்தையும் போட்டிக்கு எது நல்லது என்று ஒப்பிட்டுச் சொல்கிறான். மகள் தமிழில் சொல்லச் சொல்லக் கேட்டேன். ஒன்றில் துள்ளல் பிழை என்கிறான். இரண்டில் தாடிக்காரன் பிழை என்கிறான். அவனும் எங்கள் களஞ்சியத்தில் இருந்து விளையாடினவன் போலத்தான் இருந்தது. எட்டில் சாகப்போகிறவனுக்குக் கடைசியில் ஒரு பெரிய அடியைச் சும்மா கொடுக்கிறார்களாம். அது எனக்குப் பிடிக்கவில்லை. மூன்றுதான் நேர்மையான பாகம் என்றான். அந்த இடத்தில் நான் மச்சானை நினைத்துச் சிரித்தேன்.

அதற்குப் பிறகு அவன் சொன்னதைக் கேட்டுத்தான் எழும்பி நின்றுவிட்டேன். மூன்றாம் பாகத்தில் இரண்டு வகைத் தட்டு இருக்கிறதாம். ஐரோப்பாவில் விற்றது ஒன்று, அமெரிக்கா கனடாப் பக்கம் விற்றது மற்றது. அந்தந்த நாட்டுத் தொலைக்காட்சிக்கு ஏற்றபடி செய்தது. ஐரோப்பாத் தட்டு மெதுவாகத்தான் ஓடும். மேலும் கீழும் கறுப்புப் பட்டி விழும். மற்றத் தட்டு வேகம், ஆனால் சில பெட்டியில் கலர் வராது. போட்டிக்கு மெதுவான தட்டைத் தொடவே வேண்டாம், கை பிழைத்துவிடும் என்றான்.

எங்கள் தட்டு லண்டனிலிருந்து வந்த ஒருவரிடம் எடுத்தது. பளைத் தட்டு கனடாவிலிருந்து வந்தது என்று அவர்களே பெருமையாகச் சொன்னது நினைவிருக்கிறதா?

மகளிடம் ஐந்து முறை போடச் சொன்னேன். பளைப் பெடியள் பொய் சொல்லவில்லை. நானா கலக்கவில்லை. ஜெனரேற்றரில் ஒரு குறையும் இல்லை. பிழை இருந்தது என் வாயில்.

ஆகவே என் பக்கம் இதுதான்: மூன்றாம் பாகம், வேகமான தட்டு. ஜேர்மனிக்காரர் அங்கேயே வாங்கிக்கொண்டு வந்துவிட வேண்டாம்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் இரண்டு நாள் எனக்கு வேலை ஓடவில்லை. மோட்டர் சாமான் வாங்கும் வவுனியாக் கடையில் விசாரித்தேன். நானாவை அவர்களுக்குத் தெரிந்திருந்தது. திரும்பவும் வவுனியாப் பக்கம் வந்து பூவரசங்குளத்தில் இருக்கிறார் என்றார்கள். நேற்றுக் காலை மகளையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். தனியே போயிருந்தால் வாசலோடு திரும்பியிருப்பேன்.

தாடி நரைத்திருந்தது. விறாந்தையில் கதிரையில் இருந்தார்.

“நானா, நான் வட்டக்கச்சி. உங்கட கேம் கடைக்கு வாறனான். அண்டைக்கு மண்ணெண்ணெய் எண்டு சொன்னது நான்தான்.”

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். “மோட்டர்ப் பெடியன்.”

“ஓம்.”

“இப்ப என்ன, இஞ்சயும் ஏதும் மணந்து பாக்க வந்தனியோ?”

மகள் வீடியோவைப் போட்டு விளங்கப்படுத்தினாள். அவர் இரண்டு முறை பார்த்தார். “அப்ப பெற்றோல் நல்ல பெற்றோல்?”

“நல்ல பெற்றோல், நானா. தட்டுத்தான் மெதுவான தட்டு.”

“மணந்தது எண்டாய். உன்ர அப்பரும் மணந்தது எண்டார்.”

“அதுதான் எனக்கும் விளங்கேல்ல.”

“கை கழுவ ஒரு போத்தல் மண்ணெண்ணெய் அந்தப் பங்கருக்குள்ளதான் வச்சிருந்தனான். எண்ணெய்க் கையை வேற எதால கழுவுறது? அண்டைக்கு அது எனக்கும் நினைவுக்கு வரேல்ல.” அவர் சிரிக்கவில்லை.

“என்னாலயோ கடையை மூடினீங்கள்?”

“கடையை விடு. தண்ணீரூற்றில காணி துப்பரவாக்க வாப்பா கூப்பிட்டுக்கொண்டு இருந்தவர். அந்த மாதம் மூடுறது எண்டு முதலே கதைச்சதுதான்.”

என் நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியது. ஆனால் அவர் தலை நிமிரவில்லை.

“பெற்றோல் கொண்டந்தது என்ர தம்பி,” என்றார். “திரும்பி வந்து முதல் கடை போட்டவங்கள் நாங்கள், எங்களுக்குக் களவுக்காரர் எண்டு பேர் வாங்கித் தந்திட்டாய் எண்டு அவனைக் கன்னத்தில அறைஞ்சனான். அவன் இல்லை எண்டான். நான் நம்பேல்ல. ஒரு பெடியன் தன்ர வெற்றியை விட்டுட்டுச் சொல்லுறான், அவன் ஏன் பொய் சொல்லப்போறான் எண்டு நினைச்சன்.”

குசினி வாசலில் நின்ற அவருடைய மனைவி சொன்னார்: “அடுத்த ஒழுங்கையிலதான் வீடு. இருபத்திரெண்டு வருசம். தொழப் பள்ளிவாசலுக்குப் போறதும் இவர் ஒரு வாசலால, அவர் மற்ற வாசலால.” சொல்லிக்கொண்டே ரெலிபோனில் இலக்கத்தை அழுத்தி அவர் கையில் கொடுத்தார். சத்தம் வெளியே கேட்டது.

“டேய்,” என்றார் நானா. “அந்தப் பெற்றோலில நீ கலக்கேல்லயாம்.”

“எந்தப் பெற்றோல்?”

“வட்டக்கச்சிப் பெற்றோல்.”

அந்தப் பக்கம் ஒரு சேவல் கூவியது. பிறகு தம்பியின் குரல் வந்தது. “அதை நான் அண்டைக்கே சொன்னனான். இப்ப ஆர் சொன்னது?”

“ரெலிபோனில ஒரு வெள்ளைக்காரன் சொல்லுறான்.”

“அவனுக்கு எங்கட பெற்றோலை எப்பிடித் தெரியும்?”

“வந்து பாரன்.”

அவர் வருகிறேன் என்று சொல்லவில்லை, வைத்துவிட்டார். பத்து நிமிடத்தில் மோட்டர் சைக்கிள் வந்து நின்றது. ஒருவரையும் பார்க்காமல் வந்து, நின்றபடியே வீடியோவை முழுதாகப் பார்த்தார். நான் எழும்பி, “அண்ணை, என்னில பிழை,” என்றேன்.

“நீ ஆரோ ஒரு பெடியன்,” என்றார் அவர். “நினைச்சதைச் சொன்னாய். இவர் என்னோட பிறந்தவர்.”

நானா எழும்பித் தம்பிக்கு முன்னால் போய்க் கன்னத்தைக் காட்டினார். “இந்தா. ஒண்டு போடு.”

“இப்ப போட்டா விழுந்திடுவீங்கள். வயசு போயிட்டுது.”

மகள்தான் முதலில் சிரித்தாள். பிறகு நானாவின் மனைவி. தம்பி சிரிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார், ஆனால் போகவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு விறாந்தையில் ஏறி இருந்தார்.

மத்தியானம் எங்களையும் சாப்பிடாமல் விடவில்லை. அவர்கள் விசேச நாட்களில் சஹன் என்கிற பெரிய தட்டில் சோற்றைப் போட்டு, சுற்றியிருந்து எல்லோரும் அதிலேயே கைவைத்துச் சாப்பிடுவார்கள். கலியாண வீடுகளில் இந்த அண்ணனும் தம்பியும் வேறு வேறு சஹனில்தானாம் இருப்பது. நானாவின் மனைவி குசினி வாசலில் நின்று, யாரைப் பார்த்துக் கேட்பது என்று தெரியாமல், பொதுவாகக் கேட்டார்.

“எத்தினை சஹன் வைக்க?”

நானா தம்பியைப் பார்த்தார். தம்பி நிலத்தைப் பார்த்தார்.

“ஒண்டு போதும், மச்சி,” என்றார் தம்பி அண்ணியிடம்.

வட்டக்கச்சி,
2025 ஓகஸ்ட் 17, ஞாயிற்றுக்கிழமை.